பத்துக்கு எட்டு

ராஜவேலின் முதுகெலும்பு முறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தில்லி ஜனக்புரியில் அவன் குடியிருந்த பிளாக்கின் வாசலில், கார் நிறுத்தும் இடத்துக்காக.

அந்த இடத்தில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ராஜவேல் தினமும் அங்கேதான் நிறுத்துவான். அன்று கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கீழ் வீட்டு விருந்தாளிகளின் வெள்ளைக் கார் அங்கே நின்றது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். ஒரு பையன் வெளியே வந்து, ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லி, "பாஞ்ச் மினட், பையா" என்றான். ராஜவேல் இறங்கிப்போய் அவனை அறைந்தான். பேச்சுக்கு முன்னால் கை நீளுகிற ஆள் அவன். அறை விழுந்த சத்தத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கார் டிக்கியைத் திறந்து இரும்புக் கம்பியை எடுத்தான்.

மேலே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் ராஜவேலின் மனைவி அபிராமி. அன்று காலையில்தான், திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவோடு வெகுநேரம் போனில் பேசினாள் என்று அவள் தலையைச் சுவரில் மோதியிருந்தான் ராஜவேல். பின்மண்டை இன்னும் தெறித்துக்கொண்டிருந்தது. அவன் தரையில் விழுந்ததையும் கம்பி உயர்ந்ததையும் பார்த்தாள். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். கம்பி இரண்டாவது முறையும் அவன் முதுகில் இறங்கியபோது ஏதோ காய்ந்த குச்சி ஒடிவதுபோல் கேட்டது. அவள் அவன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். அடுத்த அடி அவள் தோளில் விழுந்தது.

அடித்தவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். "அபி, என் கால் எங்க?" என்று கேட்டான் ராஜவேல். கால்கள் அவன் முன்னால்தான் கிடந்தன.

தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அறுவை முடிந்து புண் ஆறியதும் அவனை மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஃபெபி அவர்கள் வாழ்க்கையில் வந்தது அங்கேதான்.

ஃபெபிக்கு ஊர் நாசரேத். நர்ஸ் வேலைக்காகத் தில்லி வந்தவள். அந்த மருத்துவமனையில் டாக்டர் மேதா நடத்திய ஆய்வில் இப்போது வேலை பார்த்தாள். தண்டுவடம் அடிபட்டவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்கிற ஆய்வு. எலும்பையும் சிறுநீரகத்தையும் டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதை அவரிடமே கேட்டு வருவது ஃபெபியின் வேலை. வார்டுக்கு ஒரு தமிழ்க்காரர் வந்திருக்கிறார், இந்தியில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று சொல்லி அவளை அனுப்பினார்கள்.

"போன ஒரு மாசத்துல உங்க வாழ்க்கை மொத்தத்துல உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருக்கு சார்? பூஜ்யம்னா திருப்தியே இல்ல. பத்துன்னா முழுத் திருப்தி. இடையில எந்த நம்பர் வேணும்னாலும் சொல்லலாம்."

ராஜவேல் அவளையே பார்த்தான். பிறகு பக்கத்து மேஜையில் இருந்த ஸ்டீல் கூஜாவை எடுத்து அவள் முகத்தில் எறிந்தான். அது அவள் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"எழுதிக்க, பூஜ்யம்" என்றான். கட்டிலின் இரும்புக் கம்பியில் தன் தலையை மோதத் தொடங்கினான். "என்னைக் கொன்னுருங்க. ஊசி இருக்குல்ல உங்ககிட்ட. போட்டுக் கொல்லுங்க."

அபிராமி ஓடிவந்து அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவன் நிறுத்தவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. வார்டு ஆட்கள் வந்து பிடிப்பதற்குள் அவள் விரல்கள் நசுங்கிக் கன்றிப்போயின.

மறுநாள் புருவத்தில் தையலோடு ஃபெபி திரும்பவும் வந்தாள். "நேத்து பூஜ்யம் எழுதியாச்சு சார். மிச்சக் கேள்வியும் இருக்குல்லா" என்றாள். ராஜவேல் அவள் தையலைப் பார்த்தான். முதுகு உடைந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதான். ஃபெபி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவன்மேல் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கைகளால் உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்டபோது அவள் கைதட்டினாள். உடற்பயிற்சிக் கூடத்தில் அவன் எடை தூக்கினான். கழுத்து தடித்தது, தோள் அகன்றது, புஜங்கள் இறுகின. அடுத்த முறை கேட்டபோது மூன்று என்றான். வீட்டுக்குப் போவதற்குமுன் ஐந்து என்றான். ஃபெபி அதை மேதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

வீட்டில் நடந்தது வேறு.

முதலில் கால்தான் உதைத்தது. அபிராமி முழங்காலிட்டு அவனுக்குச் சாக்ஸ் மாட்டும்போது கால் தானாக வெட்டி இழுத்து அவள் வாயில் பட்டது. உதடு கிழிந்தது. "நான் இல்லடி, அதுவா உதறுது" என்று ராஜவேல் பதறினான். அது உண்மைதான். தண்டுவடம் போனவர்களுக்குக் கால் அப்படி உதறும். அன்று அவன் தன் கையால் அவள் உதட்டைத் துடைத்தான். எல்லாம் மாறிவிட்டது என்று அபிராமி நினைத்தாள்.

பிறகொரு நாள் ஆபீஸ் நண்பர்கள் பார்க்க வந்திருந்தார்கள். அவனுடைய மூத்திரப் பை நிரம்பிக் கசிந்து பேண்ட் நனைந்துவிட்டது. அவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். அபிராமி குனிந்து பையைக் கழற்றியபோது அவன் முஷ்டி அவள் காதோரம் இறங்கியது. அவள் தரையில் சரிந்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அடி நிற்கவில்லை. முன்பெல்லாம் அவன் துரத்தினால் அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். இப்போது அவனால் துரத்த முடியாது, துரத்த வேண்டியதும் இல்லை. மூத்திரக் குழாய் மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க, மலம் எடுக்க, புண் வருகிறதா என்று முதுகைப் பார்க்க, அவளே அவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். அவன் காத்திருந்தான். காலையில் செய்த ஏதோ ஒன்றுக்கு மாலையில் செருப்பு மாட்டிவிடக் குனியும்போது அடி விழும். எடை தூக்கிப் பழகிய கை. முன்பு அடித்ததைவிட இப்போது அதிகம் வலித்தது.

ஃபெபி வீட்டுக்கு வந்தபோது அபிராமியின் கழுத்திலும் மேல்கையிலும் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள். சமையலறையில் வைத்துக் கேட்டாள்.

"என்னக்கா இது?"

"சேர் இடிச்சிருச்சு சிஸ்டர்."

"பிரேக் போடாம தூக்குதீங்களா? வாங்க, நான் சொல்லித் தாரேன்." ஃபெபி அவளைக் கூட்டிப்போய் பிரேக்கை எப்படிப் போடுவது, எந்தப் பக்கம் நின்று தூக்குவது என்று பொறுமையாகச் செய்து காட்டினாள். ராஜவேலும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். "சொல்லுங்க சிஸ்டர், நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா" என்றான். அபிராமி தலையாட்டினாள்.

அன்று அவன் ஏழு என்றான்.

மருத்துவமனையில் ஒரு கூட்டம் நடந்தது. புதிதாக அடிபட்டவர்களுக்குத் தைரியம் சொல்ல ராஜவேலைப் பேசச் சொன்னாள் மேதா. அவன் நன்றாகப் பேசினான். கம்பி விழும்போது தன் மனைவி தன்னை உடம்பால் மூடிக்கொண்டதைச் சொன்னான். எல்லோரும் முன்வரிசையில் இருந்த அபிராமியைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. ஆண்டு முடிந்து கேட்க வேண்டிய கேள்விகளோடு ஃபெபி ஜனக்புரிக்கு வந்தாள். ராஜவேல் சவரம் செய்து, சக்கரம் உருட்டுகிற தோல் கையுறை மாட்டி, வெளியே கிளம்பத் தயாராக இருந்தான். உடம்பைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, மனசைப் பற்றிக் கேட்டாள். வாழ்க்கையில் எது உங்கள் கையில் இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். இப்போது எல்லாமே கையில் இருக்கிறது என்றான்.

"அப்ப மொத்தத்துல எவ்வளவு சார்?"

"எட்டு போடுங்க சிஸ்டர். பத்துக்கு எட்டு. நடக்க முடியாததுக்கு ரெண்டு போச்சு."

அபிராமி டீ கொண்டுவந்து வைத்தாள். "எட்டா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னதுபோலவும் இல்லை. ராஜவேல் சிரித்தபடி டீயை எடுத்துக்கொண்டான். ஃபெபிக்கும் அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. டீ குடித்துவிட்டு விடைபெற்றாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே கண்ணாடி உடைந்தது. பிறகு ஒரு சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. திரும்பவும். திரும்பவும்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அபிராமி சக்கர நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவள் பின்னல் ராஜவேலின் இடக்கையில் சுற்றியிருந்தது. தலையைத் தன் மடியை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையுறை மாட்டிய வலக்கையால் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் அவன் பேண்டில் சொட்டியது. அவள் கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி முடிவதற்காகக் காத்திருப்பவள்போல இருந்தாள். அந்த மௌனத்தைப் பார்த்ததும் ஃபெபிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்தின் நீலமும் மேல்கையின் நீலமும், தான் நின்று பிரேக் போடச் சொல்லிக்கொடுத்ததும்.

"விடுங்க சார். விடுங்கன்னு சொல்லுதேன்லா."

"நீங்க போங்க சிஸ்டர். இது வீட்டு விஷயம்." அவன் குரல் உயரவே இல்லை.

ஃபெபி அவன் வலக்கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அதை உதறிவிட்டு, பின்னலை விடாமலே, சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளி நாற்காலியைத் திருப்பி அவள்மேல் மோதினான். கால்வைக்கும் தகடு அவள் முன்னங்கால் எலும்பில் இடித்துச் சதையைக் கிழித்தது. அவள் விழுந்தாள். எழப்போனவளின் காதில் அவன் கை விழுந்தது. ஒரு நொடி அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அபிராமி அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். ஃபெபி தரையில் கிடப்பதைப் பார்த்தாள். தன் முடியைப் பிடித்திருந்த கையை இழுத்து, கட்டைவிரலின் அடியில் பல் பதியக் கடித்தாள். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். ராஜவேல் அலறினான். பின்னல் விடுபட்டதும் அவள் எழுந்து நாற்காலியின் பின்னால் போய், இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தாள். நாற்காலி கவிழ்ந்தது. அவன் உடைந்த டீ கிளாஸ்களின் மேல் விழுந்தான்.

ஒரு பெரிய சில்லு அவன் தொடையில் ஏறி நின்றது. அவனுக்குத் தெரியவில்லை. "தூக்கு" என்றான். "ஏய், தூக்குடி என்னைய."

அபிராமி சமையலறைக்குப் போய் பூரிக்கட்டையோடு திரும்பி வந்தாள். அவன் காலில் அடித்தாள். முட்டியில், தொடையில், கணுக்காலில், மாறி மாறி அடித்தாள். கால்கள் அடிக்கு அடி துள்ளின. ராஜவேல் தலையைத் தூக்கி அதை வேடிக்கை பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அடி. நல்லா அடி. அது எனக்கு வலிக்கவா போகுது?"

அவள் நிறுத்தினாள். அவன் கைகளைப் பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"அபி, வேணாம்" என்றான். வலக்கையை உடம்புக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தான். அவள் மணிக்கட்டின்மேல் காலை ஊன்றி நின்றுகொண்டு கட்டையை இறக்கினாள். விரல்களின் எலும்பு நொறுங்கியது ஃபெபிக்கும் கேட்டது. இரண்டாம் முறை இறக்கினாள். மூன்றாவதாக ஓங்கியபோது ஃபெபி தவழ்ந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்க்கா. கையும் போச்சுன்னா அவருக்கு ஒண்ணுமே இல்லக்கா."

"தெரியும்" என்றாள் அபிராமி.

கட்டையைக் கீழே போட்டாள். ராஜவேல் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தான். அவள் உட்கார்ந்து அவன் தொடையிலிருந்த கண்ணாடிச் சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துப்பட்டாவைக் கழற்றி ரத்தம் வந்த இடத்தில் இறுகக் கட்டினாள். "ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க சிஸ்டர்" என்றாள்.

அவசரப் பிரிவில் அடிபட்ட மூன்று பேரையும் பார்த்து போலீஸ்காரர் ஒருவர் வந்தார். முதலில் ராஜவேலிடம் கேட்டார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டேன், தூக்க வந்தவர்களுக்கும் அடிபட்டுவிட்டது என்று இந்தியில் சொன்னான். போலீஸ்காரர் அவன் கையைப் பார்த்தார், நம்பவில்லை. ஆனால் அவருக்கு வேறு வேலையும் இருந்தது. ஃபெபியைப் பார்த்தார். அவள் குனிந்து தன் காலிலிருந்த கட்டைச் சரிசெய்தாள். உண்மையைச் சொன்னால் அபிராமிமேல் வழக்கு வரும்.

அபிராமி மூக்கில் பஞ்சோடு அடுத்த கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இந்தி அவளுக்குச் சுமாராகத்தான் வரும். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"அவர் விழல. நான்தான் தள்ளினேன். கையை நான்தான் உடைச்சேன். ஏன் உடைச்சேன்னும் எழுதிக்கங்க. கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். நேரம் ஆகும்."

"அபி, சும்மா இரு" என்று ராஜவேல் தமிழில் சீறினான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. போலீஸ்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நடந்ததை ஃபெபி மேதாவிடம் சொன்னாள். "அவர் எட்டு என்று சொன்னது பொய்யில்லை, ஃபெபி. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது" என்றாள் மேதா இந்தியில். பொய் என்று நானும் சொல்லவில்லை மேடம் என்றாள் ஃபெபி. அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் சமையலறைக்குள் போனாள். அங்கே இருப்பவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அப்படிச் செய்யும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ராஜவேல் வார்டில் கிடந்தான். வலக்கையில் கட்டு, இடக்கையில் தையல். சாப்பாட்டைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை. ஃபெபி போன அன்று, வார்டு ஆள் ஒருவன் ஸ்பூனை அவன் பல்லில் இடித்துத் திணித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காததற்குக் கன்னத்தில் ஒன்று வைத்தான். ராஜவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஃபெபி அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அவளே ஸ்பூனை எடுத்தாள். பாதிக் கிண்ணம் காலியானது.

"சிஸ்டர்," என்றான். "அடிக்கிற நேரம் மட்டும் எனக்குக் கால் இருக்கிற மாதிரி இருந்துச்சு."

ஃபெபி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "அவுங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எப்பமாவது கேட்டீங்களா?"

மீதியை அவள் ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டாள். ஆய்வுக் கேள்விகளைக் கேட்கவில்லை.

ராஜவேலின் தம்பி லட்சுமணன் வந்து அவனைச் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ராஜவேல் கடைசிவரை புகார் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கையை உடைத்ததற்கு அபிராமிமேல் வழக்கு இருந்தது, அவன்மேல் அவள் கொடுத்த வழக்கும் இருந்தது. இரண்டுக்கும் அவள் துவாரகா கோர்ட்டுக்குப் போய்வந்தாள். மோதி பாக் பகுதியில் ஃபெபியின் வாடகை வீட்டில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள். மூக்கு சற்றுக் கோணலாகவே ஆறியது.

ஒருநாள் காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது லட்சுமணன் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு முதுகுல கீழ கறுத்துப்போயிருக்கு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அண்ணன் யாரையும் கிட்ட விட மாட்டேங்குது. கை சரியாயிருச்சு, சாமானைத் தூக்கி எறியுது. நீங்க வந்தாத்தான் ஆகும்."

அபிராமி பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கறுத்த இடத்தைத் தேய்க்காத. மல்லாக்க படுக்க வைக்கவே கூடாது. இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்னு மாத்திக்கிட்டே இருக்கணும். முட்டிக்கு நடுவுல தலகாணி வை. குழாயைத் தொடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவு. தோல் பிஞ்சுதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரு, காத்திருக்காத." போனை மறு காதுக்கு மாற்றினாள். "அப்புறம், கிட்டப் போகும்போது ரெண்டு பேரா போங்க. ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கணும். உன் பொண்டாட்டியைத் தனியா அனுப்பிராத."

"நீங்க எப்ப அண்ணி வர்றீங்க?"

"நான் வரல" என்றாள்.

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.